மொழி மாறினால் பழைய ஏட்டைத் திருத்துவது யார்?

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டதும், தும்பிக்கை வைத்த பழைய 'லை', 'னை' எழுதிப் பழகிய கைகள் தடுமாறின. கணினி மொழிக்கும் இந்தச் சங்கடம் உண்டு.

நெதர்லாந்துக்காரர் கீடோ வான் ரோசம் உருவாக்கிய 'பைத்தான்' 1991-இல் வெளிவந்தது. 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு இலக்கணத்தையே மாற்றியது. 'பிரிண்ட்' என்ற கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயம் என்றது. பழைய நிரல்கள் பல ஓடவில்லை.

அவற்றைத் திருத்த '2டு3' என்ற கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். அது வெறுமனே சொல்லைத் தேடி மாற்றுவதில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் வாக்கியத்தைப் பிரித்து உறுப்பிலக்கணம் சொல்ல வைப்பார்களே, அதுபோல நிரலைக் கிளை கிளையாகப் பிரித்துப் பார்த்துத் திருத்தும்.

ஆனால் ஓர் இடத்தில் அதுவும் கைவிரித்தது. பழைய பைத்தானில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, புதியதில் 3.5. எழுத்து அதே எழுத்து, விடை வேறு. எழுதியவர் மனதில் இருந்தது முழு எண்ணா, பின்னமா? கருவிக்கு எப்படித் தெரியும்? தொடாமல் விட்டுவிட்டது.

இப்படி மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை ஏராளம். 2015-இல் ஓய்வு பெறவேண்டிய இரண்டாம் பதிப்புக்கு 2020 வரை பணி நீட்டிப்பு கிடைத்தது! 2024-இல் வந்த 3.13 பதிப்பில் அந்தக் கருவியையே நீக்கிவிட்டார்கள்.

குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புதிதல்ல. கோப்பில் எழுத்துப்பிழையை நானே திருத்துவேன். பொருளில் ஐயம் வந்தால், குறிப்பு எழுதியவரிடம் போய்க் கேட்டுத்தான் ஆகவேண்டும்.