குழந்தைக்கு இன்னும் பேச்சு வரலையா? தண்ணீரும் மாவும் வைத்து விளையாடினால் உதவுமா?

"ரெண்டு வயசு ஆகப்போகுது, அம்மா, அப்பா தவிர வேற வார்த்தையே வரல" - பல வீடுகளில் கேட்கும் கவலை இது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் பரிந்துரைக்கும் ஒன்று, 'சென்சரி ப்ளே' எனப்படும் புலன்வழி விளையாட்டு. இது எப்படி உதவுகிறது? வீட்டில் எப்படிச் செய்வது?

புலன்வழி விளையாட்டு என்றால் என்ன?

தொட்டு, பார்த்து, கேட்டு, முகர்ந்து, சுவைத்து விளையாடும் எல்லாமே இதில் அடங்கும். விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. ஒரு பேசின் தண்ணீர், ஈர மணல், சப்பாத்தி மாவு உருண்டை போதும்.

பேச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சொல்லும் அனுபவமும் ஒரே நேரத்தில் கிடைத்தால் குழந்தை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 'ஈரம்' என்பதைப் படத்தில் காட்டுவது கஷ்டம். கை நனையும்போது சொன்னால் உடனே புரியும். ஆனால், மாவைக் கையில் கொடுத்துவிட்டு நாம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பலன் இல்லை. பேச்சைக் கொண்டுவருவது மாவு அல்ல, கூடவே உட்கார்ந்து பேசும் ஆள்தான்.

எப்படி விளையாடுவது?

* குழந்தை எதைப் பார்க்கிறதோ, அதைப் பற்றியே பேசுங்கள். "ஊத்து... ஊத்து... தண்ணி காலி!" மாதிரி சின்ன வாக்கியம் போதும். அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.
* தண்ணீர் சலசல, மாவு பிசுபிசு, சோப்பு வழவழ, அப்பளம் மொறுமொறு. ஒரே ஒலி இரண்டு முறை வரும் இந்தச் சொற்கள் மழலை வாய்க்குச் சுலபம்.
* காத்திருங்கள். உள்ளங்கையில் 'பருப்பு கடையும்' பாட்டி காலத்து விளையாட்டில், நண்டு கையில் ஊறுவதற்கு முன் நிறுத்தி, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வை, கை நீட்டல், 'ம்' என்ற சத்தம் எல்லாமே பதில்தான்.
* "பந்து" என்றால், "ஆமா, பெரிய பந்து" என ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். "இது என்ன, சொல்லு" எனப் பரீட்சை வைக்காதீர்கள்.
* மாவைத் தொடக் கூச்சப்படும் குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஸ்பூன் கொடுத்துப் பழக்குங்கள்.

கவனம் தேவை

மூன்று வயதுக்குள் புளியங்கொட்டை, வேர்க்கடலை, பாசிமணி கொடுக்க வேண்டாம். தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் குழந்தையைத் தனியே விடக்கூடாது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொற்கள் நின்றுபோயின - இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று காத்திருப்பதில் பயனுள்ள மாதங்கள் வீணாகலாம். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது முக்கியம். மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே திட்டத்தில் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

செல்போன் எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை தினமும் அதிகபட்சம் ஒரு மணி நேரம். அதுவும் குறைந்தால் நல்லது.