தொலைக்கணினிக் கட்டளைகளும் வலை வழங்கியும்: ஒரு வரலாறு

ஓர் இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்தியதும் வேறொரு கணினியில் கட்டளை இயங்குவது இன்று வழக்கமான செயல். இதற்குப் பின்னால் இரண்டு வரலாறுகள் உள்ளன. ஒன்று கட்டளை செல்லும் வழியைப் பற்றியது. மற்றொன்று அந்தக் கட்டளையை யார் எழுதுகிறார் என்பதைப் பற்றியது.

தொடக்கத்தில் டெல்நெட் வழியே கடவுச்சொல் எந்த மறைப்பும் இன்றிச் சென்றது. 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி இயக்குதளத்தில் ஆர்எஸ்எச் இருந்தது. குறிப்பிட்ட கணினியின் பெயர் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தால், அங்கிருந்து வரும் கட்டளையை அது கடவுச்சொல் கேட்காமலேயே ஏற்கும். தெரிந்தவர் என்று சொன்னாலே கதவைத் திறக்கும் வீடு போன்றது இது! 1988 நவம்பரில் பரவிய மோரிசு புழு, கணினிக்குக் கணினி தாவ இந்த நம்பிக்கையையும் பயன்படுத்திக்கொண்டது.

1995இல் பின்லாந்தின் எல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனன், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் மென்பொருளை எழுதி, அவ்வாண்டு சூலையில் வெளியிட்டார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்றிருக்க, இடையில் இருந்த 22ஆம் துறை எண்ணை அவர் கேட்டுப் பெற்றார். ஓப்பன்பிஎஸ்டி குழுவினரின் ஓப்பன் எஸ்எஸ்எச் 1999இல் வந்தது.

வழி பாதுகாப்பானது. ஆனால், கட்டளையே தவறாக இருந்தால் மறையாக்கம் என்ன செய்யும்? மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் இடம் இதுவே.

1993இல் உருவான சிஜிஐ முறை, பக்கத்தைப் பார்ப்பவர் தட்டச்சிடுவதை வழங்கியில் உள்ள நிரலுக்குக் கொடுத்தது. என்சிஎஸ்ஏ, அப்பாச்சி வழங்கிகளுடன் மாதிரியாகத் தரப்பட்ட ‘பிஎச்எஃப்’ என்னும் முகவரித் தேடல் நிரல், அந்த உள்ளீட்டை ஷெல்லுக்கு அனுப்பியது. ஆபத்தான குறிகளை அது நீக்கியது உண்மைதான். புதுவரிக் குறியை மட்டும் விட்டுவிட்டது. அந்த ஒரு குறிக்குப் பின் எதை எழுதினாலும் அது புதுக் கட்டளையாக இயங்கியது. 1996இல் இக்குறை வெளிப்பட்டது. அதனால்தான் உள்ளீட்டைச் சரத்தோடு ஒட்டாமல், ஷெல்லைத் தவிர்த்து, தனித்தனி அளபுருக்களாகக் கொடுக்கும் முறை வலியுறுத்தப்படுகிறது.

அடுத்த சிக்கல் சாவி. வலை நிரலால் கடவுச்சொல்லைத் தட்டச்சிட முடியாது. எனவே எஸ்எஸ்எச் சாவியை வழங்கியிலேயே வைக்க வேண்டியுள்ளது. தளம் களவாடப்பட்டால் சாவியும் போகும். இதற்காக, ஒரு சாவியைக் கொண்டு ஒரே ஒரு கட்டளையை மட்டும் இயக்கலாம் என்று தொலைக்கணினியில் கட்டுப்பாடு எழுதி வைக்கலாம். என் பார்வையில் எஸ்எஸ்எச்சின் மிகப் பயனுள்ள, ஆனால் குறைவாகவே அறியப்பட்ட வசதி இது.

2014 செப்டம்பரில் இக்கட்டுப்பாடும் சோதனைக்கு உள்ளானது. பாஷ் ஷெல்லில் 1989 முதலே இருந்துவந்த ‘ஷெல்ஷாக்’ குறையை இசுடெபான் சசெலா கண்டறிந்தார். சூழல் மாறிகளுக்குள் ஒளித்த கட்டளைகளை பாஷ் இயக்கிவிடும். சிஜிஐ நிரல்கள் மட்டுமன்றி, ஒரே கட்டளைக்கு என்று பூட்டிய எஸ்எஸ்எச் சாவிகளும் இக்குறையால் மீறப்படக்கூடியவை ஆயின. பாஷின் திருத்தங்கள் அடுத்தடுத்து வெளியிடப்பட்டன. முதல் திருத்தம் போதவில்லை.