இயங்குதளப் பதிப்பைக் கண்டறிதல்

இயங்குதளப் பதிப்பைக் கண்டறிதல் என்பது ஒரு கணினியில் எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை நிர்வாகக் கருவி தானாகவே அறியும் முறை. பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவது, மென்பொருள் நிறுவுவது, அலுவலகக் கணினிகளைக் கணக்கெடுப்பது ஆகிய எல்லாம் இந்த விடையை நம்பியே நடக்கின்றன. விடை பிழைத்தால், போக வேண்டிய திருத்தம் போகாது. போகக் கூடாதது போய்ச் சேரும். திரையில் தெரியும் பெயர் மனிதருக்கானது. கருவி நம்ப வேண்டியது ஒப்பிடத்தக்க எண்களை.

விண்டோஸ்

விண்டோஸில் விற்பனைப் பெயரும் உள் எண்ணும் வேறு வேறு. விஸ்டாவின் உள் எண் 6.0, விண்டோஸ் 7-க்கு 6.1, 8-க்கு 6.2, 8.1-க்கு 6.3. விண்டோஸ் 10-இல் அது 10.0-க்குத் தாவியது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-உம் 10.0 என்றே சொல்கிறது. ரெஜிஸ்ட்ரியில் உள்ள தயாரிப்புப் பெயரும் ‘விண்டோஸ் 10’ என்றே இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது பில்டு எண்தான்: 22000 முதல் விண்டோஸ் 11.

ஆனால் பில்டு எண் மட்டும் போதாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீடு, விண்டோஸ் சர்வர் 2025 இரண்டுக்கும் பில்டு 26100. இங்கே தயாரிப்பு வகையையும் பார்க்க வேண்டும்: 1 என்றால் பணிநிலையம், 2 டொமைன் கன்ட்ரோலர், 3 சர்வர்.

பழைய நிரல்கள் உடையாதிருக்க இயங்குதளமே எண்ணை மாற்றிச் சொல்வதும் உண்டு. கெட்வெர்ஷன்எக்ஸ் என்ற அழைப்பு விண்டோஸ் 8.1 முதல், தன் மேனிஃபெஸ்டில் புதிய பதிப்புக்கான ஆதரவை அறிவிக்காத நிரலுக்கு 6.2 என்றே விடை தருகிறது. ஆர்டிஎல்கெட்வெர்ஷன் என்ற மற்றோர் அழைப்பு உண்மையான எண்ணைத் தருகிறது.

மேக்ஓஎஸ்

2020-இல் மேக்ஓஎஸ் 10.15-இலிருந்து 11-க்குச் சென்றது. பழைய மேம்பாட்டுத் தொகுப்பில் உருவான நிரல்களுக்கு அதே இயங்குதளம் 10.16 என்று காட்டியது. 2025-இல் 15-க்கு அடுத்ததாக 26 வந்தது. எண்கள் வரிசையாகவே வரும் என்று எண்ணி எழுதிய நிபந்தனைகளை இத்தகைய தாவல்கள் பொய்யாக்கும்.

லினக்ஸ்

‘யூநேம்’ கட்டளை கெர்னலின் பதிப்பைச் சொல்லும். லினக்ஸ் வழங்கல் (டிஸ்ட்ரிபியூஷன்) எது என்பதைச் சொல்லாது. கன்டெய்னருக்குள் அதை இயக்கினால் தெரிவது தாங்கும் கணினியின் கெர்னல். 2012-இல் சிஸ்டம்டி திட்டத்தின் வழியே வந்த ஓஎஸ்-ரிலீஸ் கோப்பு இந்தக் குறையைத் தீர்க்கிறது. அதில் ஐடி வழங்கலையும், வெர்ஷன்_ஐடி பதிப்பையும், ஐடி_லைக் உறவுள்ள வழங்கல்களையும் குறிக்கும். தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ஆர்ச் லினக்ஸ் போன்றவற்றில் வெர்ஷன்_ஐடி இல்லாமலிருக்கலாம். அதைப் பிழையாகக் கொள்ளக் கூடாது.

ஒப்பிடும் முறை

அடிக்கடி நேரும் பிழை, எண்களை எழுத்துச் சரமாக ஒப்பிடுவது. ‘10.0’, ‘6.1’ இரண்டையும் சரங்களாக வைத்தால் முதல் எழுத்தான 1, 6-ஐவிடச் சிறியது; எனவே விண்டோஸ் 10, விண்டோஸ் 7-ஐவிடப் பழையதாகிவிடும். புள்ளிகளில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எண்ணாக மாற்றி ஒப்பிடுவதே சரி.

ஒரு வசதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால், பதிப்பைக் கொண்டு ஊகிக்காமல் அந்த வசதியையே சோதிப்பது மேலும் உறுதியானது. பதிப்பு தெரியாதபோது கருவி அருகிலுள்ள பதிப்பை வைத்து நிரப்பிக்கொள்ளக் கூடாது. ‘தெரியவில்லை’ என்று பதிந்து, மாற்றம் எதுவும் செய்யாமல் நிர்வாகியின் முடிவுக்கு விட வேண்டும்.