இரட்டை வரியில் தொடங்கி பூஜ்ய வரியில் முடிந்த கதை

ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகள் வரி போடக்கூடாது. இரட்டை வரி ஒப்பந்தங்கள் பிறந்ததே இதற்காகத்தான். சரி, இரண்டு நாடுமே வரி போடாவிட்டால்? வரி வரலாற்றில் நான் அடிக்கடி போய் நிற்கிற இடம் இது. பென்ஷன் விஷயத்தில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது.

முதல் உலகப்போருக்குப் பின் வரிச்சுமை எகிறியபோது, சர்வதேச சங்கம் இந்தச் சிக்கலை நான்கு பொருளியல் அறிஞர்களிடம் ஒப்படைத்தது. 1923-ல் அறிக்கை வந்தது. (நால்வரில் ஒருவரான லூயிஜி எய்னாவ்டி பின்னாளில் இத்தாலியின் ஜனாதிபதியே ஆனார்!) பணம் விளைகிற நாட்டுக்கா, ஆள் வசிக்கிற நாட்டுக்கா என்ற இழுபறி அதன்பிறகும் ஓயவில்லை. 1963-ல் வந்த ஓஇசிடி மாதிரி ஒப்பந்தம் பென்ஷனை இரண்டாகப் பிரித்தது. அரசு ஊழியரின் பென்ஷனுக்கு, பொதுவாக, கொடுக்கிற அரசே வரி போடும். தனியார் வேலைக்கான பென்ஷன் என்றால் வசிக்கிற நாடு மட்டும்.

பின்லாந்தும் போர்ச்சுகலும் 1970-ல் போட்ட ஒப்பந்தத்திலும் தனியார் பென்ஷனுக்கு இதே விதிதான். ஆனால் 2009-ல் போர்ச்சுகல் ஒரு சலுகைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் புதிதாகக் குடியேறுகிறவர்கள் வெளிநாட்டுப் பென்ஷனுக்குப் பத்து வருடம் வரி கட்ட வேண்டாம். இப்போது கணக்கைப் பாருங்க: பின்லாந்து வரி போட ஒப்பந்தம் விடாது, போர்ச்சுகல் போடலாம், போடாது. மொத்தத்தில் பூஜ்யம்! குடியேறியவர்கள் சட்டத்தை மீறவில்லை. ஆனால் அவர்கள் உழைத்த காலத்தில் பென்ஷன் சந்தாவுக்கு வரிவிலக்கு கொடுத்தது பின்லாந்துதானே? பின்னால் வசூலிக்கலாம் என்ற நம்பிக்கையில் விட்ட வரி அது.

2016-ல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. போர்ச்சுகல் அதை உறுதிசெய்யாமல் இழுத்தடித்தது. பொறுமை இழந்த பின்லாந்து பழைய ஒப்பந்தத்தையே முறித்தது. 2019 ஜனவரி 1 முதல் அது செல்லாது. 2022-ல் ஸ்வீடனும் அதே வழியில் போனது. நடுவில், 2020-ல், போர்ச்சுகல் 10 சதவீத வரி கொண்டுவந்தும் பயனில்லை.

வெயிலைத் தேடிப் போன பெரியவர்கள் வயதான காலத்தை ஒரு ஒப்பந்தத்தின் ஒரு பிரிவை நம்பித் திட்டமிட்டிருந்தார்கள். பென்ஷன் சாகும்வரை வரும். ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு உத்தரவாதம் கிடையாது. வெளிநாட்டில் ஓய்வுக்காலம் என்று யோசிக்கிறவர்கள், வரிவிகிதத்தோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.