பிரதி செய்து கொடுக்கும் தர்மம்

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரை 1880ஆம் ஆண்டில் சந்தித்த சேலம் இராமசாமி முதலியார், அவர் கற்றிருந்த அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள் முதலியவற்றின் நீண்ட வரிசையைக் கேட்டபின், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படிப்பதற்குப் புஸ்தகம் கிடைக்கவில்லை என்பதே ஐயரின் விடையாயிற்று. முதலியார் அந்த விடையோடு நின்றுவிடாமல், தம்மிடமிருந்த பிரதியையே அவருக்குக் கொடுத்து உதவினார். அதை முதலாகக் கொண்டு வேறு ஏடுகளையும் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டில் ஐயர் அக்காவியத்தை அச்சிட்டார். ஒருவர் மனமுவந்து கொடுத்த ஒரு பிரதி, ஒரு கல்லூரி ஆசிரியரின் வாழ்நாளையே மாற்றியமைத்தது.

பனையோலை செல்லுக்கும் இராமபாணத்துக்கும் இரையாகும் பொருள். ஆதலால், பழைய ஏடு சிதைவதற்கு முன்பே புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினாலன்றி நூல் பிழைக்க வழியில்லை. நூலைப் பூட்டி வைத்தவர்கள் வீட்டில் அது மாய்ந்தது. பிரதி செய்துகொள்ளக் கொடுத்தவர்களாலேயே அது நம் காலம்வரை வந்து சேர்ந்தது. அச்சு யந்திரம் வந்தபின்னும் இந்த நியதி மாறவில்லை. விற்றுத் தீர்ந்த பதிப்பும் ஏட்டைப்போலவே அரிதாகிவிடுகிறது. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தம் வீடு நிறையச் சேர்த்து வைத்த நூல்களும் சஞ்சிகைகளும், 1992ஆம் ஆண்டில் அவர் காலமான பின்பு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. அவ்வாறு நேராதிருந்தால், தமிழ் அச்சுலகத்தின் வரலாற்றை எழுதுவோருக்கு எத்தனையோ ஆதாரங்கள் இல்லாமற் போயிருக்கும். பாரதியாருடைய எழுத்துக்களின் உரிமையை அரசாங்கம் 1949ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டு, பின்னர் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கியதும் இந்தத் தர்மத்தின் வழிப்பட்ட செயலேயாகும்.

கணினி யுகத்தில் இத்தர்மத்தை மேற்கொண்டவர்கள் தமிழை ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் அல்லர் என்பது நினைத்தற்கு இனியது. சுவிட்ஸர்லாந்தின் லொஸான் நகரில் ரசாயன ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனைத் துணையாகக் கொண்டு, 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைக் கணினியில் எழுத்தெழுத்தாக அடித்து, பிழை திருத்தி, விலையின்றி உலகத்தார்க்கு அளிப்பது அதன் நோக்கம். அதன் முதல் நூல் திருக்குறள். ஒருவர் அடிக்க, மற்றொருவர் மெய்ப்புப் பார்க்க, நேரில் முகங்கண்டிராத தமிழர்கள் பல தேசங்களிலிருந்து ஊதியம் கருதாது இவ்வேலையில் சேர்ந்தார்கள். நூலின் தலைப்பில் அடித்தவர் பெயரும் திருத்தியவர் பெயரும் குறிக்கப்பெறுவதே அவர்கள் பெற்ற சம்மானம்.

அக்காலத்தில் கணினித் தமிழுக்கு ஒரே ஒழுங்கு அமையவில்லை. எழுத்துருக்கள் பலவாக இருந்து, ஒவ்வொன்றும் எழுத்துக்களைத் தன் விருப்பப்படி வரிசைப்படுத்தியமையால், ஒருவர் அடித்து அனுப்பிய செய்யுள் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் அமைந்திருந்தும், அது சாதாரணக் கணினிகளில் வழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. இடையில் திஸ்கி என்னும் குறியீட்டில் சேமிக்கப்பட்ட நூல்கள், பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பெற்றன. சிதையப்போகும் ஏட்டிலிருந்து புதிய ஏட்டிற்குப் பெயர்த்தெழுதிய பழைய கைங்கரியத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இன்று சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் மாணவி ஒருத்திக்குச் சங்கப் பாட்டைக் காண நகரத்து நூலகத்துக்குச் செல்லும் நிர்ப்பந்தம் இல்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகனையும் அவள் கைப்பேசியிலேயே புரட்டலாம். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005ஆம் ஆண்டு முதல் சேர்த்துவரும் நூலகம் என்னும் தளத்தையும் விலையின்றிப் பயன்படுத்தலாம். ஆயினும், கருவி அறிவாகாது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் வற்புறுத்தவேண்டும். பொன் என்னும் சொல்லைத் தேடச் சொன்னால், யந்திரம் பொன் என்ற உருவத்தையே தேடும். புணர்ச்சியால் திரிந்த பொற்குடம் அதன் கண்ணுக்குப் புலப்படாது. இலக்கணம் அறிந்தவனே எதைத் தேடவேண்டும் என்று அறிவான். அவ்வாறே, திரையில் காணும் பாடம் எந்தப் பதிப்பைத் தழுவியது, பிற பதிப்புக்களில் பாடபேதம் உண்டா என்று விசாரியாமல் எழுதப்படும் ஆராய்ச்சி, அஸ்திவாரம் இடாமல் எழுப்பிய சுவராகும்.

ஏடெழுதியோர் தாம் எழுதி முடித்த ஏட்டின் கடைசியில், எழுத்துப்பிழை, சொற்பிழை நேர்ந்திருந்தால் பொறுத்தருளுமாறு படிப்போரை வேண்டிக்கொள்வது வழக்கம். அன்று படிப்பவர் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது தம் கையிலிருந்த ஒரு பிரதியை மட்டும் திருத்திக்கொள்ளலாம். இன்றோ பிழையைக் கண்ட மாணவன் அச்சான பதிப்போடு ஒப்பிட்டு, அதை அளித்தவர்களுக்கு எழுதினால், அந்த ஒரு திருத்தம் உலகெங்கும் அந்நூலைத் திறப்போர் அனைவர்க்கும் உரியதாகிவிடும். விலையின்றிப் பெற்றவன் செலுத்தவேண்டிய விலை இவ்வளவே. அதைச் செலுத்தும்போது அவனும் ஏடு காத்தவர்களின் வரிசையில் ஒருவனாகிறான்.