வாடகைக்கு விட வீடு வாங்குவோர் கவனத்திற்கு: விலைக்கு மேல் போகும் செலவும் வாடகை வசூலும்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸ் சுற்றுவட்டாரத்திலும் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடும் நம்மவர்கள் பலர், "வாடகையே வங்கித் தவணையைக் கட்டிவிடும்" என்ற கணக்கில்தான் இறங்குகிறார்கள். சாவி கைக்கு வருவதற்குள் ரொக்கமாக எவ்வளவு போகும் என்பது அந்தக் கணக்கில் பெரும்பாலும் இருப்பதில்லை.

கிள்ளானில் 400,000 வெள்ளிக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை 90 விழுக்காட்டுக் கடனில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முன்பணம் 40,000 வெள்ளி. பெயர் மாற்ற முத்திரை வரி, முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடு. ஆக 7,000 வெள்ளி. கடன் ஒப்பந்தத்திற்கு அரை விழுக்காடு, அதாவது 1,800 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் 2023 ஜூலை முதல் நடப்பில் உள்ள விகிதப்படி 1.25 விழுக்காடு: விற்பனை ஒப்பந்தத்திற்கு 5,000, கடன் ஒப்பந்தத்திற்கு 4,500. இந்தக் கட்டணத்தின் மீது 8 விழுக்காடு சேவை வரி 760 வெள்ளி. முன்பணம் போக இதுவே 19,060 வெள்ளி ஆகிவிடுகிறது. மதிப்பீட்டாளர் கட்டணம், பதிவுச் செலவு, காப்புறுதி எல்லாம் தனி.

முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 500,000 வெள்ளி வரையிலான வீட்டுக்கு உள்ள முத்திரை வரி விலக்கு, ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்குக் கிடையாது. ஊழியர் சேமநிதியிலும் கை வைக்க முடியாது. முதல் வீட்டை விற்றாலோ கைமாற்றினாலோதான் இரண்டாவது வீட்டிற்குப் பணம் எடுக்கலாம். மூன்றாவது வீட்டுக்கடன் என்றால், 2010 முதல் பேங்க் நெகாரா விதிப்படி வங்கி 70 விழுக்காட்டுக்கு மேல் தராது.

வங்கி பணத்தை விடுவித்ததும் தவணை தொடங்கிவிடும். வாடகைக்கு ஆள் அமைய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை பராமரிப்புக் கட்டணம், மதிப்பீட்டு வரி, நில வரி எல்லாம் உரிமையாளர் தலையில்தான். ஆறு மாதத் தவணையாவது கையில் இல்லாதவர் சற்றுப் பொறுப்பது நல்லது.

அடுத்தது வாடகை. "நம்ம தோட்டத்து ஆள், தெரிஞ்ச பையன்" என்று வாய்ப்பேச்சில் சாவியைக் கொடுத்துவிடும் பழக்கம்தான் பிறகு சண்டையில் முடிகிறது. இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்திற்கு அரை மாதம், ஒரு மாத முன்வாடகை என்பது இங்குள்ள வழக்கம். எவ்வளவு தெரிந்தவரானாலும் இதை எழுத்தில் வைத்து, கையெழுத்திட்ட 30 நாளுக்குள் ஒப்பந்தத்திற்கு முத்திரை வரி கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஓராண்டு ஒப்பந்தமானால் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. மாதம் 1,200 வெள்ளி வாடகை என்றால் ஓராண்டுக்கு 58 வெள்ளி, ஈராண்டுக்கு 174 வெள்ளி. இதை மிச்சம் பிடிப்பவரை என்னவென்று சொல்வது!

வாடகை நின்றுவிட்டால் பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் தீர்வல்ல. ஒப்பந்தம் முடிந்த பின்னும் குடியிருப்பவரை நீதிமன்ற நடவடிக்கை மூலமே வெளியேற்ற வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம். அவசரப்பட்டால் வாடகைக்காரரே உரிமையாளர் மீது வழக்குப் போடலாம். பாக்கிக்காக, 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முந்திய 12 மாத வாடகை வரை வீட்டிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணை கேட்கலாம். எழுத்து ஒப்பந்தமும் வங்கிவழி வாடகை பெற்ற பதிவும் இங்கேதான் கைகொடுக்கும். "கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாடகைக்காரர் கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது. வீட்டைப் பார்த்து, கட்டணப் பாக்கிகளைச் சரிபார்த்த பிறகே வைப்புத்தொகையைத் திருப்ப வேண்டும்.

வாடகை வருமானத்தை உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, தீ காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழிக்கலாம். முதல் வாடகைக்காரரைப் பிடிக்க முகவருக்குக் கொடுத்த தொகையைக் கழிக்க முடியாது. வீடு வாங்கியபோது கட்டிய முத்திரை வரியும் வழக்கறிஞர் கட்டணமும் வாடகையில் கழியாவிட்டாலும், பின்னாளில் வீட்டை விற்கும்போது சொத்து இலாப வரிக் கணக்கில் சேரும். ஐந்தாண்டுக்குள் விற்பவருக்கு அந்த வரி உண்டு. முதல் மூன்றாண்டில் இலாபத்தில் 30 விழுக்காடு. ஆகவே ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.