குகை மடம் – 4: கல்லில் பெயர் வெட்டியவன்

கலீபாவின் பிரதிநிதி நஸ்ர் 923-ல் வைத்த தீயில் அய்ரிவாங்க் மடம் எரிந்ததையும், அதன் ஏடுகள் சூறைபோனதையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்த மடம்தான் இன்று கெகார்ட். யெரெவான் நகரிலிருந்து 40 கி.மீ. தொலைவில், அஸாத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மலையோடு மலையாக நிற்கிறது. வழியெல்லாம் பெண்கள் கதா என்னும் இனிப்பு ரொட்டியை அடுக்கிவைத்து விற்கிறார்கள்.

எரிந்த மடம் மீண்டும் பெருமை பெற ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. சகாரியன் குலத்தார் ஆதரவில் 1215-ல் பெரிய தேவாலயம் எழுந்தது. அழகானதுதான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அதை ஒட்டிய இருட்டு.

1236-ல் மங்கோலியர் ஆர்மீனியாவைப் பிடித்தார்கள். ஊர் ஊராக வரிச்சுமை ஏறியது. நாடு நொடிந்துகிடந்த அந்தக் காலத்தில்தான் கல்சாக் என்ற கலைஞர் பாறைக்குள் இறங்கினார். ஊற்று சுரந்த பழைய குகை ஒன்று 1240-களில் தேவாலயம் ஆனது. தூண், வளைவு, கூம்பு விதானம் எல்லாம் ஒரே பாறை. ஓர் உளி தவறினால் ஒட்டவைக்க வழியில்லை. சுமார் நாற்பது ஆண்டுகள் இங்கே உழைத்த கல்சாக், விதானத்தின் அடியில், மாதுளைச் செதுக்கல்களுக்கு அருகே தன் பெயரையும் வெட்டிவைத்தார். ஊற்று இன்றும் ஓடுகிறது. வருபவர்கள் கையில் ஏந்திக் குடிக்கிறார்கள்.

பின்னர் பிரோஷ் என்ற சிற்றரசன் இந்த மடத்தை விலைகொடுத்து வாங்கினான். அவன் குலத்தின் கல்லறை மண்டபத்தில், வளைவுகளுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். ஒரு விலங்கின் வாய் வளையத்தைக் கவ்வியிருக்கிறது. வளையத்தில் கோத்த சங்கிலி இரு சிங்கங்களின் கழுத்தைப் பிணைக்கிறது. சிங்கங்களின் வால் நுனியில் நாகத்தலை. நடுவே, ஆட்டுக்குட்டியைக் காலில் பற்றிய கழுகு. இது பிரோஷ் குலத்தின் சின்னம். சின்னம் அரசனுடையது, பெருமை கல்சாக்குடையது என்றே நான் சொல்வேன்.

மேல்தளத்தில், பிரோஷின் மகன் பாபாக்கும் அவன் மனைவி ருசுகானும் அடங்கிய மண்டபம் 1288-ல் குடையப்பட்டது. அங்கே ஒருவர் மெல்லப் பாடினாலும் குரல் அடங்க நெடுநேரமாகிறது.

மடத்தை வாங்குவதற்கு முன் இந்த பிரோஷ் எங்கே இருந்தான் தெரியுமா? 1258-ன் தொடக்கத்தில், ஹுலாகுகானின் மங்கோலியப் படையோடு, பாக்தாத் மதிலுக்கு வெளியே! எந்தக் கலீபாக்களின் பிரதிநிதி இந்த மடத்தைக் கொளுத்தினானோ, அதே கலீபாக்களின் தலைநகர் அது. 335 ஆண்டுகளுக்குப் பிறகு, ஓர் ஆர்மீனியன் அதன் வாசலில் நின்றான். உள்ளே, கடைசிக் கலீபா அல்-முஸ்தஸிம். அங்கே கண்ணால் கண்டதை பிரோஷ் சொல்லச் சொல்ல, கிராகோஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார்.

அவன் கண்டது என்ன? அடுத்த வாரம், பாக்தாத் முற்றுகை.

(தொடரும்)